இடது ஓரத்தில் நிறுத்திய கப்பல்

1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 21, சனிக்கிழமை. காலையில் வழக்கம்போல வெந்நீர் வைத்தேன், வானொலியில் செய்தி கேட்டேன், சவரம் செய்தேன், காலணிக்கு மெருகு போட்டேன். இந்த வரிசை மாறினால் எனக்கு அன்றைக்கு எதுவும் சரிப்படாது. என் மனைவிக்கு வரிசை என்றாலே இளக்காரம். அவள் எழுந்ததும் முதலில் விரல்களுக்குச் சொடக்கு எடுப்பாள். பத்து விரலும் சத்தம் கொடுத்த பிறகுதான் சிலுவை போட்டுக்கொள்வாள். கடவுளைக் காக்க வைப்பது நன்றாக இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் போட்டி இருக்கிறது என்றாள்.

போட்டி அன்று மாலை ஏழு மணிக்கு. வீடியோ கேம் இறுதிச்சுற்று. ஆனால் அதில் அவள் ஆடலாமா கூடாதா என்பதே முடிவாகவில்லை. ஆறு மணிக்குள் ஒருவருடைய வாய்மொழியை வாங்கிக்கொண்டு வராவிட்டால் அவள் பெயரை அடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் யார், எப்படி இருப்பார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர்தான் அந்த விளையாட்டை உண்டாக்கியவர்.

என் மனைவிக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஜாலான் புசார் தெருவில் ஒரு சிறிய ஹோட்டலில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை. அறைக்கு அறை கம்பியைப் பிடுங்கிச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கை செருகிக்கொண்டிருக்க மறு கையால் பரோட்டாவைப் பிய்த்துச் சாப்பிடுவாள். அவள் வேலை முடியும் நேரத்துக்கும் நான் துறைமுகக் கிடங்கு அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. ஜாலான் புசாரில் ஹோட்டல் வாசலில் ஒரு பெண் தனியாக நின்றால் சில ஆண்கள் நின்று விசாரிக்கிறார்கள். அந்த விசாரிப்புக்குத் தப்பித்துத்தான் அவள் பக்கத்தில் இருந்த வீடியோ கேம் கடைக்குள் நுழைந்தாள். சும்மா நிற்க விடமாட்டார்கள் என்பதால் இருபது காசு போட்டாள். நான் வந்து கூப்பிட்டபோது, இருங்க, இன்னும் சாகல என்றாள்.

கறுப்பு வானத்தில் பச்சை நண்டுகள் வரிசையாக நிற்கும். திடீரென்று இரண்டோ மூன்றோ பாய்ந்து இறங்கிக் குண்டு போட்டுவிட்டு மேலே ஏறிக்கொள்ளும். கீழே நம்முடைய கப்பல் இடமும் வலமும் ஓடி அவற்றைச் சுட வேண்டும். ஒரு முறை காசு போட்டால் மூன்று கப்பல்கள். விளையாட்டு அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று முதல் வாரம் கேட்டவன் நான். இரண்டாவது வாரம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, வலது பக்கம், வலது பக்கம் என்று கத்திக்கொண்டிருந்தவனும் நான்தான்.

சேலை கட்டிய ஒருத்தி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வது போல முந்தானையைச் செருகிக்கொண்டு நண்டு சுடுவதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. சிராங்கூன் சாலையில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் தினமும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். அவர் அதற்கு முன் ஒரு சினிமா நடிகரின் ரசிகர் மன்றத்தில் பல வருடம் பொறுப்பில் இருந்தவர். நடிகருக்குத் தொப்பை விழுந்ததும் மனம் விட்டுப்போய், வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் மனைவி கிடைத்தாள். ஒரே வாரத்தில் மன்றம் அமைந்துவிட்டது. அவர் தலைவர், நான் செயலாளர். மற்றவர்கள் எல்லாரும் துணைத் தலைவர்கள், ஏனென்றால் வெறும் உறுப்பினராக இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் உண்டு. ஒரு முறை என் மனைவி இருபது காசு போட்ட பிறகும் வரவேற்புரை முடியாததால் முதல் கப்பல் அதிலேயே போய்விட்டது.

டீ விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேலை முடிந்ததும் டீ வேண்டும். காப்பிக் கடையில் பழைய பால் டின்னில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். அதைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு ஆடுவாள். ஒரு நாள் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆட்டமோ முடிகிற வழியாக இல்லை. செத்தால் சாகட்டும் என்று கப்பலை இடது ஓரத்தில் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, டின்னைத் தூக்கிக் குடித்தாள். கப்பல் சாகவில்லை. நண்டுகள் இறங்கின, குண்டு போட்டன, ஏறிக்கொண்டன. ஒன்றும் படவில்லை. டீயை முழுவதும் குடித்து, உதட்டைத் துடைத்து, மறுபடி ஆட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். தலைவர் இதை நன்றாகப் பார்ப்பதற்காக முதல் நாள் எழுந்து நின்றார். அவர் மறைத்ததால் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். மூன்றாம் நாளில் அது மன்றத்தின் முறை ஆகிவிட்டது. அவள் கப்பலை ஓரம் கட்டி டின்னைத் தொட்டதும் அத்தனை பேரும் எழுந்து மௌனமாக நிற்போம். எங்கள் கோயிலில் நற்செய்தி வாசிக்கும்போதுகூட அவ்வளவு ஒழுங்காக எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை அரையிறுதியில் அவள் இரண்டு முறை டீ குடித்து வென்றாள். அதில்தான் வினை வந்தது. இறுதிச்சுற்றுக்கு வந்திருந்த இன்னொருவர் பிடோக்கைச் சேர்ந்த பாலிடெக்னிக் மாணவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட வந்திருந்த அவருடைய மாமாதான் பிடித்துக்கொண்டார். உலகத்தில் எந்தச் சண்டையில் எதிரி நம்மை டீ குடிக்க விடுவான், இவள் வீட்டுக்காரர் கடைக்காரர்களோடு சேர்ந்து பெட்டியைத் திறந்து ஏதோ செய்திருக்கிறார் என்றார். நான் வாழ்க்கையில் திறந்த ஒரே மின்சாரப் பொருள் டார்ச் லைட். ஆனால் கடையின் மேலாளர், நம்மவர்தான், மாமாவின் சத்தத்துக்குப் பயந்துவிட்டார்.

"செயலாளர், நான் என்ன பண்றது? செஞ்சவங்க வாயால சொல்லட்டும் லா, அது கேம்ல இருக்கறதுதான்னு. நாளைக்கு ஆறு மணிக்குள்ள. இல்லாட்டி அக்கா பேர எடுத்துருவேன்."

செய்தவர்களை நாங்கள் எங்கே தேடுவோம் என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னார். அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒரு மாதத்துக்கு முன் அந்தப் பெட்டி பழுதானபோது அதை ஏற்றிக்கொண்டு போன லாரியை நான் பார்த்திருந்தேன். நம் ஊரில் லாரிக் கதவில் முதலாளி பெயரும் முகவரியும் எழுதியிருக்கும். நான் எழுதியிருப்பதையெல்லாம் படிக்கிறவன். காலாங்கில் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடம், நான்காவது மாடி.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வெளியே வந்து, சாப்பிட்டு, தலைவரின் கடைக்குப் போனேன். என் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தாள். தலைவர் வேட்டி சட்டையில் இருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய சம்பங்கி மாலை, சரிகை போட்ட பொன்னாடை, கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துமடல். ஒரு விளையாட்டைப் படைத்தவரைப் பார்க்கப் போகிறோம், வெறுங்கையோடு போனால் நம்மை என்ன நினைப்பார் என்றார். வாழ்த்துமடலை அவரே எழுதியிருந்தார். விண்ணை வடித்த வித்தகரே, நண்டுக்கு உயிர் தந்த நாயகரே என்று தொடங்கியது. என் மனைவி படித்துவிட்டு, நண்டு எப்படிச் சாகும்னு போடலையே என்றாள்.

பஸ்ஸில் ஆளுக்கு ஒரு கற்பனை. வெள்ளை அங்கி போட்ட விஞ்ஞானிகள் குளிர்சாதன அறையில் பேசாமல் வேலை செய்வார்கள் என்று நான் நினைத்தேன். தலைவர், ஜன்னலோரம் மேசை போட்டு ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பார் என்றார். என் மனைவிக்கு எந்தக் கற்பனையும் இல்லை. அந்த ஓரத்தை அவர்கள் வேண்டுமென்றே வைத்தார்களா என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும். வைக்கவில்லை என்றால், இத்தனை நாளும் தான் ஆடியது ஆட்டமே இல்லையா என்று ஒருமுறை கேட்டாள்.

நான்காவது மாடியில் இரும்புக் கதவைத் தட்டினோம். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் எல்லாம் சட்டென்று நின்றது. எதையோ இழுத்து மூடுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்து ஒரு கண் எங்களைப் பார்த்தது. எங்கள் கோலத்தை இப்போது நினைத்தால் புரிகிறது. நான் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கையில் சட்டமிட்ட அரசாங்கக் காகிதம் போல ஒன்று. சோதனை போட வந்த அதிகாரி என்று நினைத்திருக்கிறார்கள். வேட்டி கட்டியவர் என்ன அதிகாரி என்பதுதான் அவர்களுக்குப் புரியாமல் இருந்திருக்கும்.

உள்ளே விட்டார்கள். பனியனும் அரைக்காற்சட்டையும் அணிந்த சீனர் ஒருவர் மேசைக்குப் பின்னால் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுவதிலிருந்து அவர்தான் முதலாளி என்று தெரிந்தது. நான் வணக்கம் சொல்லி விஷயத்தைத் தொடங்குவதற்குள் தலைவர் பாய்ந்து போய் மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

ஈயம் பற்றவைக்கும் கோலைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வண்ணம் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தவுக்கே இரண்டு விரலால் மாலையைக் கழற்றி, செத்த எலியை வைப்பது போல முக்காலியில் வைத்தார். நேராகச் சாமி மாடத்துக்குப் போய் ஊதுபத்தி கொளுத்தினார். பிறகு திரும்பி, மலாயில், உங்களை யார் அனுப்பினார்கள், நான் யாருக்கு என்ன செய்தேன் என்று கேட்டார்.

அப்போதுதான் உள் அறையிலிருந்து ஒரு தமிழர் வந்தார். முப்பது வயது இருக்கும். காதில் பென்சில், சட்டைப் பையில் திருப்புளி.

"அண்ணே, என்னண்ணே இது? சீனவங்க சாவுக்குத்தான் வெள்ளைப் பூ வைப்பாங்க. எங்க தவுக்கேக்கு ஏற்கனவே பிரஷர்."

"தம்பி, இது சம்பங்கி," என்றார் தலைவர். "இன்னைக்கு ரோஜா கிடைக்கல."

அந்தத் தொழில்நுட்பர் தவுக்கேயிடம் நீளமாக ஏதோ சொன்னார். ஆபத்தில்லாத பைத்தியங்கள் என்பதுதான் சாரம் என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது. தவுக்கே சற்று அமைதியானார். சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

நாங்கள் சுற்றிப் பார்த்தோம். வெள்ளை அங்கி இல்லை, ஜன்னலோர மேசை இல்லை. முதுகு திறந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. பலகையில் அறுத்த பெட்டிகள் வண்ணம் பூசாமல் சவப்பெட்டிகள் போல வரிசையாக நின்றன. மாலை விஷயத்தில் தவுக்கே ஏன் அவ்வளவு பதறினார் என்று அதைப் பார்த்ததும் இன்னும் நன்றாகப் புரிந்தது. வாயைப் பொத்திய பெண் ஓட்டை போட்ட அட்டையை வைத்து நட்சத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரே அட்டை, ஒரே நட்சத்திரம், எல்லாப் பெட்டிக்கும். மேசையில் ஒரு பச்சை மின்சுற்றுப் போர்டு இருந்தது, அதன் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் அரைகுறையாக அதே மாதிரி மூன்றாவது. முதல் போர்டில் ஒட்டியிருந்த பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். தலைவர் பயபக்தியோடு கைகூப்பிக்கொண்டே நடந்தார். எனக்கு விஷயம் மெல்ல விளங்கியது. இங்கே ஒருவரும் எதையும் உண்டாக்கவில்லை. யாரோ உண்டாக்கியதைப் பார்த்து எழுதுகிறார்கள்.

போட்டியில் தகராறு, உங்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்று நான் கேட்டதும் தவுக்கேயின் முகம் மறுபடி மாறியது. இது மேசை நாற்காலி செய்யும் இடம் என்றார். வீடியோ கேம் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெட்டி தானாகவே டுர்ர் என்று சுட்டுக்கொண்டிருந்தது. கதவைக் காட்டினார். மாலையையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மாடிப்படியில் நின்றோம். மணி மூன்றரை. தலைவர், மற்றவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு வருகிறேன் என்று காசு போன் தேடிக் கீழே போனார். தோல்வியைக்கூட முறைப்படி அறிவிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நானும் என் மனைவியும் படியில் உட்கார்ந்தோம். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிகரெட் பிடிக்க அந்தத் தொழில்நுட்பர் வெளியே வந்தார். என்ன தகராறு அக்கா என்று சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் பற்றவைத்த சிகரெட்டை வாயில் வைக்க மறந்துவிட்டார்.

"இடது ஓரமா அக்கா? எவ்வளவு ஓரம்?"

"சுவத்தோட ஒட்டி. ஒரு கட்டைவிரல் இந்தப் பக்கம் வந்தாலும் போயிரும்."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"ஒரு டின் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும்."

அவர் எங்கள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். தினமும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி, உட்லண்ட்ஸில் பஸ் மாறி வருகிறவராம். ஒரிஜினல் போர்டிலிருந்து ஒவ்வொரு சிப்பாகப் படித்துப் புதிய சிப்பில் ஏற்றுவது அவர் வேலை. இந்த நண்டு விளையாட்டில் ஒரு சிப் மட்டும் சரியாகப் படிக்கவில்லை. கப்பல்மேல் குண்டு பட்டதா என்று பார்க்கிற பகுதி அதில் இருந்தது. தவுக்கே அவசரப்படுத்தினார். அதனால் அந்தப் பகுதியை மட்டும் இவரே யோசித்து எழுதிப் போட்டிருக்கிறார். இடது ஓரத்தில் கொஞ்சம் இடத்தைக் கணக்கில் சேர்க்க விட்டுப்போய்விட்டது. தெரிந்தும் விட்டுவிட்டார். அந்த மூலையில் எவன் போய் நிற்கப்போகிறான் என்ற எண்ணம்.

"இந்த கேம்ல எல்லாமே எவனோ செஞ்சது அக்கா," என்றார். "நண்டு, நட்சத்திரம், சத்தம், எல்லாம் அவங்களுது. என்னுதுன்னு சொல்ல அந்த ஓரம் ஒண்ணுதான் இருக்கு."

என் மனைவி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, அந்தப் பொன்னாடைய எடுங்க."

எடுத்து விரித்து, மாடிப்படியில் வைத்தே அவருக்குப் போர்த்தினேன். வாழ்த்துமடலையும் கொடுத்தேன். அவர் அதை முழுவதும் வாசித்தார். நண்டுக்கு உயிர் தந்த நாயகரே என்ற இடத்தில் மட்டும், இது நான் இல்ல அண்ணே என்றார்.

அந்த வார்த்தையைக் கடையில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். வேலைக்கு ஆபத்து வராதா என்று என் மனைவி கேட்டாள். இந்தத் தொழிலில் சிப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஜொகூரில் நாளைக்கே வேறு இடம் கிடைக்கும் என்றார். ஆனால் ஒன்று சொன்னார்.

"இன்னைக்கு ஃபைனலுக்கு ஒரிஜினல் கம்பெனி ஏஜென்ட் வர்றாரு. புது ஒரிஜினல் பெட்டி இறக்கியிருக்காங்க. அதுல ஓரம் கிடையாது அக்கா. போய் நின்னீங்கன்னா செத்தீங்க."

அவள் தலையாட்டினாள். கீழே இறங்கியபோது தலைவர் இல்லை. கடையில் ஆள் வந்திருப்பதாகப் போனில் தம்பி சொன்னதால் போய்விட்டாராம், மாலையோடு. ஆகவே ஓரம் பற்றிய உண்மை எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். இதை இங்கே சொல்லிவைப்பது அவசியம்.

ஐந்தரை மணிக்கு ஜாலான் புசார் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். சோடாப் பெட்டிகளை அடுக்கி மேடை போட்டு, மேலே புதுப் பெட்டி பளபளவென்று நின்றது. ஒரிஜினல் கம்பெனியின் ஏஜென்ட் கோட்டுப் போட்டு முன்வரிசையில் ஆரஞ்சு பானம் குடித்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டியைக் காணவில்லை. பிறகு பார்த்தால் கடைசியில், சுவரோரம், மேசை விரிப்பு போர்த்தி, மேலே பூச்சாடி வைத்து, ஏஜென்ட் கண்ணில் படாமல் ஒளித்திருந்தார்கள்.

மேலாளர் எங்களைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்தார். நான் விஷயத்தை விளக்கத் தொடங்கினேன். ஆனால் தொழில்நுட்பர் விளக்கம் எல்லாம் பேசுகிறவர் இல்லை. நேராகப் பழைய பெட்டியிடம் போய், விரிப்பை ஒதுக்கி, திருப்புளியைப் பின்பலகையின் திருகாணியில் வைத்தார்.

"நானே திறந்து காட்டறேன் சார். என் கைவேலை உள்ள இருக்கு. மாமாவக் கூப்பிடுங்க, எல்லாரையும் கூப்பிடுங்க. ஏஜென்ட்டும் வந்து பாக்கட்டும்."

மேலாளர் பாய்ந்து வந்து திருப்புளியின் மேல் கையை வைத்தார். அவ்வளவு வேகமாக அவர் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

"வேணாம் லா. அக்கா பேரு இருக்கு. இருக்குன்னா இருக்கு."

மாமாவிடம் போய், செய்தவரே வந்து சொல்லிவிட்டார் என்று அவரே சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏழு மணிக்கு ஆட்டம். பெயரை அடிக்கவில்லை என்ற செய்தி பரவி, மன்றத்தார் எல்லாரும் வந்துவிட்டார்கள். தலைவர் வேறு வேட்டி மாற்றிக்கொண்டு கடைசி நேரத்தில் வந்து, டீ டின்னைக் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேசச் சந்தர்ப்பம் இல்லை. பாலிடெக்னிக் மாணவர் முதலில் ஆடினார். நல்ல ஆட்டம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு என் மனைவி ஏறினாள். முதல் கப்பலில் அவள் ஆடியதைப் போல நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. ஓரத்துப் பக்கமே போகவில்லை. நடுவிலேயே நின்று சுட்டாள். முதல் கப்பல் போனபோது மாணவரின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் வந்துவிட்டாள். இரண்டாவதும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஏஜென்ட் பானத்தைக் கீழே வைத்துவிட்டார்.

வழக்கமாக அந்தக் கட்டத்தில்தான் டீ. தலைவர் எழுந்தார். அவர் எழுந்ததும் மன்றம் முழுவதும் எழுந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். மரியாதைக்கு உட்காரச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் விறைப்பாக நின்றார். திரும்பிப் பார்த்தால் தொழில்நுட்பரும் எழுந்து நிற்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும். இருந்தும் நின்றார்.

என் மனைவி ஒரு கணம் பக்கவாட்டில் பார்த்தாள். கப்பலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள், சுவரோடு ஒட்டி நிறுத்தினாள், டின்னை எடுத்தாள். முதல் மடக்கு வாய்க்குப் போகும் முன்பே நண்டு இறங்கிக் கப்பலை உடைத்துவிட்டது. அவள் அந்த மடக்கைக் குடித்துவிட்டுத்தான் டின்னை வைத்தாள். மூன்றாவது கப்பலில் துரத்திக்கொண்டு போனாள். இன்னும் ஒரு வரிசை நண்டு சுட்டிருந்தால் வென்றிருப்பாள். இரண்டாம் பரிசு, ஒரு ரைஸ் குக்கர். மாணவர் கைகுலுக்கிவிட்டு வண்ணத் தொலைக்காட்சியை வாங்கிக்கொண்டார். மாமா எங்களைப் பார்த்துச் சிரித்தார். தலைவர் யாருடைய அனுமதியும் இல்லாமலேயே நன்றியுரை ஆற்றினார்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

"உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும்."

"பிறகு ஏன் போய் நின்ன?"

"எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. எப்படிங்க குடிக்காம இருக்கறது?"

இதற்கு மேல் அவளிடம் வருத்தம் எதுவும் தெரியவில்லை. ஆனால் கிளம்பும்போது மேலாளர் வந்து தொழில்நுட்பரிடம் மெல்லச் சொன்னார். விரிப்புக்குக் கீழே என்ன என்று ஏஜென்ட் இரண்டு முறை கேட்டுவிட்டாராம். திங்கட்கிழமை மறுபடி வருகிறாராம். நாளைக்கே அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் உடைத்துப் போட்டுவிட வேண்டுமாம். ஜாலான் புசாரில் அது ஒன்றுதான் அந்த மாதிரி. மற்ற பெட்டிகளில் அந்தச் சிப்பை எப்போதோ சரிசெய்து மாற்றிவிட்டதாகத் தொழில்நுட்பரே சொன்னார்.

என் மனைவி ரைஸ் குக்கரைத் தரையில் வைத்தாள்.

"அதை உடைக்கக் கூடாது," என்றாள்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். தோற்றபோது இல்லாத ஒரு முகம் அவளுக்கு இப்போது வந்திருந்தது.

"வீட்டுல எங்க வைக்கறது?" என்று கேட்டேன்.

"உங்க எழுதற மேசைய சமையலறைக்கு மாத்துனா இடம் இருக்கு."

மேலாளருக்குப் பெட்டி தொலைந்தால் போதும். என்றாலும் வியாபாரி ஆயிற்றே, ரைஸ் குக்கரைப் பார்த்தார். வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். என் மனைவி காலால் அதை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். மறுநாள் லாரி கொண்டுவருவதாகத் தொழில்நுட்பர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தவுக்கே லாரியைத் தேட மாட்டாராம். தூக்குவதற்கு மன்றம் முழுவதும் வரும் என்று தலைவர் அறிவித்தார். எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது, ஒரு மாடி தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாசலை அளந்தேன். மரக்கதவு விரியத் திறந்தால் பெட்டி நுழையும். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் இரும்புக் கதவின் சட்டம் இரண்டு விரல் இடிக்கும். அவளிடம் சொன்னேன். அவள் ஏற்கனவே படுத்துவிட்டாள். அப்படியானால் இரும்புக் கதவு எதற்கு, நம் வீட்டில் எதைத் திருடப்போகிறார்கள் என்றாள்.

மறுநாள் காலையில் எழுந்ததும், வெந்நீர்கூட வைக்காமல், முதல் வேலையாக இரும்புக் கதவைச் சட்டத்தோடு கழற்றி நடைபாதைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.